வாய்விட்டுச் சொன்ன பெயர்

ஆரணி,
வெள்ளிக்கிழமை மாலை

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் இதை எழுதி, உன் குணா சித்தப்பாவிடம் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா காணாமல் போய் இன்றோடு ஒன்பது நாள். சேவூரில் தறிக்காரரிடம் பாவு நூல் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். மறதி இவ்வளவு முற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தனியாக அனுப்பியது என் தப்பு. சர்க்கரை மாத்திரையும் வீட்டிலேயே கிடக்கிறது.

ஸ்டேஷனில் முதல் நாளே ஆதார் நகல் கொடுத்தோம். அதில் உள்ள பெயரை அப்படியே கம்ப்யூட்டரில் தேடி, இல்லை என்றே சொல்லிவந்தார்கள். இன்று சித்தப்பா தேசூர்ப் பக்கம் தேடப் போனதால் நான் மட்டும் போனேன். ஸ்வர்ணலதா என்று புதிதாக வந்த பெண் போலீஸ் உட்காரவைத்து விசாரித்தது. அப்பா எந்த ஆஸ்பத்திரியிலாவது இருந்தால், அவர் சொன்னதைக் காதில் விழுந்தபடி பதிந்திருப்பார்களாம். அதனால் கிட்டத்தட்ட அதே ஓசையுள்ள பெயர்களையெல்லாம் தேட வேண்டுமாம்.

நான் ஆதாரை நீட்டினேன். "அது வேணாம்மா. அவரு வாயால எப்படிச் சொல்லுவாரோ, அப்படியே சொல்லுங்க" என்றது.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பெயரை நான் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். கோயில் அர்ச்சனைக்குக்கூட நீதானே சொல்வாய். பெஞ்சில் இருந்த ஒரு ஆள், "சொல்லிடும்மா, அவரு இங்க ஒட்டுக் கேட்டுகினா இருக்காரு?" என்று சிரித்தான். சொன்னேன். கேட்கவில்லை என்றது அந்தப் பெண். மறுபடியும் சொன்னேன்.

கம்ப்யூட்டரில் பதினான்கு பேர் வந்தார்கள். விஜயச்சந்திரன், ஜெயேந்திரன், சந்திரய்யா என்று என்னென்னவோ. வயசும் சேர்ந்த தேதியும் பார்த்து அந்தப் பெண் கழித்துக்கொண்டே வர, நான் நோட்டில் எழுதிய பெயர்களை அடித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் இரண்டு பேர். ஒருவர் வந்தவாசி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மற்றவர் வேலூரில், சேர்ந்த மறுநாளே போய்விட்டார். உடலைக் கேட்பாரில்லாமல் வைத்திருக்கிறார்களாம்.

அவர் போனது, நான் பெயர் சொல்வதற்கு முந்தின தேதிதான். தெரிந்தும், நான் சொன்னதால்தானோ என்று நினைப்பு ஓடுகிறது.

வேலூருக்கு முதலில் போய்விடலாம் என்கிறார் சித்தப்பா. மாட்டேன் என்றுவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸில் வந்தவாசிக்குத்தான் போகிறேன். நீ உடனே கிளம்பி வந்துவிடு கண்ணு. அந்த இன்னோர் இடத்துக்கு என்னைத் தனியாகப் போகவைக்காதே.

அப்பாவும் நானும் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறோம். எப்போதும்போல இரண்டு பேராகத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
கிருஷ்ணம்மாள்