யேல் துரையைப் பற்றி அப்பா பேசியது

ஈசூன், சிங்கப்பூர்
12.11.1984

அன்பு மகள் உர்சுலாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம், அங்கே அமெரிக்காவில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். உன் தம்பி எட்மண்டுக்கு ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் பசியாறாமலே ஓடுகிறான்.

உன் கடிதம் வந்த நேரம்தான் சங்கடமாகிவிட்டது. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு உன் காலேஜின் வரலாற்றைச் சொல்லும்படி பங்குச் சாமியார் அப்பாவைக் கேட்டிருந்தார். பாதிரிமார் தொடங்கிய சின்னப் பள்ளி, மதராஸ் கோட்டையில் கவர்னராக இருந்த யேல் துரை பின்னாளில் துணிமூட்டைகளும் புத்தகங்களும் அனுப்பியதால் அவர் பெயரைப் பெற்றது என்று வீடெங்கும் நடந்து நடந்து பேசிப் பழகினார். அந்தத் துரையின் காலத்தில் அதே கரையிலிருந்து ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள், அந்தப் பெயர் போட்ட சட்டையை உடுத்தவே கூசுகிறது, படிப்பை விட்டு வந்துவிடட்டுமா என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அவர் சாப்பிடவே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "மக எழுதினது பொய்யா பிரிஜட்?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று பூசை முடிந்ததும் பேசினார். துணிமூட்டையைச் சொன்னார், கப்பலில் ஏற்றப்பட்டவர்களையும் சொன்னார். நம் கீழ்வீட்டு அல்போன்சம்மாள் எழுந்து, "அப்படின்னா பிள்ளைய திருப்பிக் கூப்பிட்டுருங்க லா, அந்தப் படிப்பு எதுக்கு?" என்றாள். அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ அங்க போய்ப் படிச்சதாலதானே நமக்கே இது தெரிஞ்சுது. முடிச்சுட்டு வரட்டும்" என்றார். அதுவரை உன்னை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், இப்போது அந்த எண்ணம் இல்லை. நீ வந்தாலும் கதவு திறந்தே இருக்கும், ஆனால் வெட்கப்பட்டு வராதே, அந்த வெட்கம் உன்னுடையது அல்ல.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இது இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆன்மாக்களின் மாதம், கப்பலில் போனவர்களின் பெயர்கள் அங்கே லைப்ரரியில் இருந்தால் எழுதி அனுப்பு, பூசையில் வாசிக்கச் சொல்கிறேன். கிடைக்காவிட்டால் பெயரில்லாமலே அவர்களுக்குப் பூசை வைப்பதாகச் சாமியார் சொல்லிவிட்டார்.

உன் அம்மா
பிரிஜட்