இரண்டு தடவைக்கு விட்ட இடம்

உன் ஹெட்போன் என் மேசைமேல் கிடக்கிறது. காதில் படும் உறை உரிந்துபோய், தொட்டால் விரலெல்லாம் கறுப்புப் பொடி. சரி செய்து தருகிறேன் என்று போன வாரம் உன் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். பழைய உறையைப் பிய்த்தவுடன் உள்ளேயிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. கையில் பசைக் குழாயோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சும்மா உட்காருகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நீ இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எழுதினாலும் நீ படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் உன் பாட்டைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நல்ல குரல், நல்ல குரல் என்று மட்டும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. நல்ல குரல் நிறையப் பேருக்கு இருக்கிறது. நீ வேலை செய்த விதம்தான் வேறு யாரிடமும் இல்லை.

அந்துருண்டை வாசனை உன் ஸ்டுடியோவின் வாசனை. ஸ்டுடியோ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். திருப்பதியில் வீடு, அப்பா கோயிலில் பாசுரம் சேவிக்கிறவர். சொந்தக்காரர்கள் எந்த ஊரிலிருந்து திருமலைக்கு வந்தாலும் இறங்குவது உங்கள் வீட்டில்தான். அவர்கள் படுக்க ஓர் அறை நிறைய மெத்தை, தலையணை, கம்பளி, ஜமக்காளம், கூரை வரைக்கும். நடுவில் பள்ளம்போல் கொஞ்சம் இடம் ஒதுக்கி, தலையணைமேல் மைக்கை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு நீ பாடினாய். நான் கருவி வைத்து அளந்து பார்த்தேன். எதிரொலி என்பதே இல்லை. ஒரே சிக்கல், விருந்தாளி வந்தால் சுவரெல்லாம் எழுந்து ஹாலுக்குப் போய்விடும்.

"இன்னிக்கு ரெக்கார்டிங் கிடையாதுடா. ஸ்டுடியோ மேல கும்பகோணத்து மாமா தூங்கிண்டிருக்கார்" என்று போன் செய்வாய்.

நாம் கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தோம். லேபில் சூடான சால்டரிங் முனையைத் தெரியாமல் பிடித்து நான் கத்திய கத்தலில்தான் குட்டு உடைந்தது. நீ திரும்பிப் பார்த்து, "தமிழாடா நீ? இத்தனை நாளா உனக்காகத் தெலுங்குல கஷ்டப்பட்டிருக்கேனே" என்றாய். கை எரிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை. நான் கத்திய வார்த்தையை எங்கள் ஊரில் எப்படிச் சொல்வோம் என்று மறுபடி சொல்லிக் காட்டச் சொன்னாய்.

இணையத்தில் உன் பாட்டைக் கேட்ட யாரோ ஒருவர், உங்களைப் பாதித்தவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தார். பெரிய பெரிய பெயர்களாக அடுக்குவாய் என்று பார்த்தேன். "எங்கப்பா, திருப்பதி பஸ் ஸ்டாண்ட், புத்தலப்பட்டுப் பையன் ஒருத்தன்" என்று பதில் போட்டாய். புத்தலப்பட்டு என் ஊர், சித்தூர் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டிப் போக வேண்டும். கிண்டல் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான பதில் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஊர் ஊராகச் சொல்லும். தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. மொழி மாறும், இழுப்பு மாறாது. அதைக் கேட்பதற்காக என் சித்தூர் பஸ்ஸை விட வைத்தாய்.

"மெட்டு முதல்லயா வார்த்தை முதல்லயான்னு எல்லாரும் அடிச்சுக்கறா. அந்தம்மா பேசறதே மெட்டுதான். காது குடுத்தா போறும்."

"எனக்குக் காது நல்லா கீது. பஸ்ஸுதான் இல்ல" என்றேன்.

அதுதான் உன் முறை. யாரோ பேசிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வாய். குரல் அதில் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று பார்ப்பாய். அதைக் கொஞ்சம் நீட்டினால் பாட்டு. கீழே ஒரு சின்ன கீபோர்டு. தாளத்துக்கு மெத்தையை உள்ளங்கையால் அடிப்பாய். அந்தச் சத்தத்தை எந்த டிரம்மில் வாசித்தாய் என்று என் கம்பெனியில் ஒருவன் கேட்டான். இலவம்பஞ்சு என்று சொன்னேன்.

அப்பாவிடமிருந்து நீ எடுத்தது சந்தை. பாசுரம் சொல்லித் தரும் முறைக்கு உங்கள் வீட்டில் அந்தப் பெயர். சொல்லித் தருகிறவர் ஒரு வரியை ஒரு தடவை சொல்வார். எதிரில் இருப்பவர்கள் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். அப்புறம்தான் அடுத்த வரி. ஹாலில் அப்பா பையன்களுக்குச் சந்தை சொல்லும்போது நீ மெத்தை அறைக்குள் இருந்து, அவர்கள் திருப்பிச் சொல்லும் இடைவெளியில் சேர்ந்து சொல்வாயாம். நீ பெண்பிள்ளை, உன்னை யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

உன் பாட்டில் ஒவ்வொரு வரியும் மூன்று தடவை வந்தது அதனால்தான். ஒன்று சொல்வது, இரண்டு திருப்பிச் சொல்வது. மூன்றையும் நீயே பாடுவாய், ஆனால் ஒரே இடத்திலிருந்து பாடமாட்டாய். வரியை ஒரு பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து பாடி நிறுத்துவாய். எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, முன்னே பாடியதை ஹெட்போனில் கேட்டு, அந்த இடைவெளியில் இரண்டு தடவை பதில் பாடுவாய். நடுவில் வியர்வையைத் துடைப்பாய். எனக்குப் பொறுக்காது.

"ஒரே வரி, ஒரே சுருதி. காப்பி பண்ணி ரெண்டு தடவை ஒட்டுனா முடிஞ்சிச்சி. எதுக்கு உயிர வுட்ற?"

"திருப்பிச் சொல்றவ வேற ஆள்டா. அவ முதல்ல கேக்கணும், அப்புறம் சொல்லணும்."

"ரெண்டு பேரும் நீதானே?"

"அதனாலதான் எழுந்து போய் உக்காரறேன்."

ஒரு நாள் சவாலாகவே ஒரு பாட்டில் எந்த இடம் என்று சொல்லாமல் ஒட்டிக் காட்டினேன். வெட்டிய இடம் எங்கேயும் தெரியாது, அதில் நான் கெட்டிக்காரன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். மூன்றாவது வரியில் கையை உயர்த்தினாய்.

"இங்க யாருமே இல்லடா" என்றாய்.

அறிவியலாக அதற்கு அர்த்தம் கிடையாது என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நீ கையை உயர்த்திய இடம் சரியாக நான் ஒட்ட ஆரம்பித்த இடம்.

புத்தலப்பட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் மெத்தை அறையில் உன் மைக் ஒயரைச் சரி செய்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து என் நைனா போன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எங்கடா கீற?"

"சந்திரகிரி தாண்டிட்டேன் நைனா. வந்துக்கினே கீறேன். நீ துன்னுட்டுப் படு."

நீ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாய். "சந்திரகிரி எப்போடா எங்காத்து மெத்தைக்கு வந்துது?"

"இன்னா பண்ண சொல்ற? இன்னும் கிளம்பலன்னா அவரு துன்னாம உக்காந்துக்கினு இருப்பாரு."

சிரிப்பை நிறுத்திவிட்டாய். "அதை இன்னொரு தடவை சொல்லு."

"எத?"

"வந்துக்கினே கீறேன்."

உன் வாயில் அது சகிக்கவில்லை. 'கீறேன்' என்பதைச் சூடான பாத்திரத்தைத் தொடுகிறவள் மாதிரி தொட்டாய். இழுக்காதே, துப்பிவிட்டுப் போகிற மாதிரி சொல் என்றேன். "இரு, துப்பக் கத்துக்கறேன்" என்றாய். நான் எழுந்து செருப்பைத் தேடும்போது கேட்டாய்.

"பொய்தானே அது?"

"பொய்தான்."

"இல்லடா. சொல்லிட்டே, இனிமே கிளம்பியாகணுமே. சொன்னதை நிஜமாக்க இப்ப ஓடறே பாரு."

ஓடினேன். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களைக் கல்லூரியிலும் வேலையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் மெட்டு இருக்கிறது என்று சொன்னது நீ ஒருத்திதான்.

அடுத்த முறை வந்தபோது மூன்று வரி தயாராக இருந்தது. 'சந்திரகிரி தாண்டிட்டேன், வந்துக்கினே கீறேன். சோறு ஆறினா ஆறட்டும், வந்துக்கினே கீறேன். நீ துன்னுட்டுப் படு, வந்துக்கினே கீறேன்.' அவ்வளவுதான் பாட்டு. நீ பாடிக் காட்டும்போது உன் அப்பா கதவருகில் வந்து நின்றார்.

"என்னம்மா பாஷை இது?"

"இவாத்துல இப்படித்தான்பா பேசுவா. உக்காந்து கேளுங்கோ, நன்னா இருக்கும்."

"பேசட்டும்மா, அதைக் குத்தம் சொல்லலை. சந்தை சொல்ற முறைல இதைச் சொல்லணுமா?" என் பக்கம் திரும்பி, "நீ தப்பா நெனச்சுக்காதேப்பா" என்றார்.

"இல்ல சார்" என்றேன். தப்பாகத்தான் நினைத்தேன்.

அவர் போனதும் நீ மைக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "என் பாட்டு ஒண்ணைக்கூட அவர் முழுசாக் கேட்டதில்லடா. இதைக் கேக்க வெக்கணும்."

"வேற வார்த்தை போட்டுரு. கேப்பாரு."

"வேற வார்த்தை போட்டா வேற பாட்டைன்னா கேப்பார்?"

பிறகு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, விடு.

உன் அம்மா லேப்டாப்பையும் ஹெட்போனையும் என் கையில் கொடுத்தார். "எங்களுக்கு இதைத் திறக்கக்கூடத் தெரியாதுப்பா. உள்ள என்ன இருக்குன்னு பாரு." அந்தப் பாட்டு இருந்தது. மூன்று வரியும் ஒவ்வொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு தடவைக்கு இடம், காலியாக. நீ முதல் பக்கத்து மெத்தையில் மட்டும் உட்கார்ந்து பாடியிருக்கிறாய். எதிர்ப்பக்கம் போகவே இல்லை.

அப்பா முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு முழுதாக இருக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். இப்போது ஒருவருடைய குரலைக் கொடுத்தால் அதே குரலில் பாடித் தரும் மென்பொருள் வந்துவிட்டது. உன் பழைய பாட்டுகளைக் கொடுத்தேன். மூச்சு, குரலில் வரும் கரகரப்பு, எல்லாம் நீயேதான். நான் செல்போன் ஸ்பீக்கர்களைச் சோதித்துத் தேறியது, தேறாதது என்று பிரித்துச் சம்பளம் வாங்குகிறவன். என் சோதனையில் அது தேறிவிட்டது. கடைசியாக ஒரு முறை கண்ணை மூடிக் கேட்டேன். மூன்றாவது வரியில் என் கை தானாக மேலே போனது.

அழித்துவிட்டேன். நீ விட்ட மாதிரியே இடைவெளிகளோடு எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்குப் போனேன்.

"சார், இது பாதிதான் இருக்குது. நடுவுல நடுவுல காலியா வரும். அந்த வார்த்தைதான் வரும். கேக்கறீங்களா?"

அவர் கையை நீட்டினார். "குடு" என்றார்.

மெத்தை அறையில்தான் கேட்பேன் என்றார். நீ பாடும் பக்கத்தில் உன் மைக் இருந்ததால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். ஹெட்போனை அவர் காதில் நான் மாட்டிவிட்டேன். முதல் வரி போயிற்று, இடைவெளி போயிற்று, அசையாமல் இருந்தார். இரண்டாவது வரி முடிந்தபோது உதடு அசைந்தது. மூன்றாவது வரி முடிந்ததும் வாய்விட்டுச் சொன்னார். ஹெட்போன் போட்டவருக்குத் தன் சத்தம் தெரியாது. உன் அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை, அது அவர் காதுக்குள் இருந்தது. எங்களுக்குக் கேட்டது அவர் சொன்னது மட்டும்தான்.

"நீ துன்னுட்டுப் படு, வந்துக்கினே கீறேன்."

"நீ துன்னுட்டுப் படு, வந்துக்கினே கீறேன்."

கோயிலில் சேவிக்கிற அதே சுருதி. இரண்டு தடவையும் ஒன்றுபோல் இல்லை. முதல் தடவை நடுவில் தடுக்கியது. இரண்டாவது தடவை உன் குரல் எங்கெங்கே ஏறி இறங்குமோ அங்கெல்லாம் ஏறி இறங்கியது. 'கீறேன்' இழுக்காமல் விழுந்தது. அது வர உனக்குப் பல நாள் ஆயிற்று. அவருக்கு உடனே வந்துவிட்டது என்றால், நீ அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்கிறாய்.

ஹெட்போனைக் கழற்றாமலே கையை ஆட்டினார். "முதல்லேருந்து போடுப்பா."

இன்னொரு மைக் என் பையில் இருந்தது. அவர் சொன்னதைப் பதிவு செய்திருந்தால் நீ விட்ட இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். நான் எடுக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டால் அப்புறம் அவர் எதற்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்?

உறை ஏன் இப்படி உரிந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தேன். தினமும் கோயிலிலிருந்து வந்ததும் கேட்கிறார் என்று அம்மா சொன்னார். வேர்வையில் ஊறி, காதில் கறுப்பாக ஒட்ட ஆரம்பித்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. உன் அப்பா.

"ஏம்ப்பா, அது ரெடியாயிடுத்தா? எங்க இருக்கே?"

ஒரு பக்கத்து உறைதான் ஒட்டியிருக்கிறேன், அதிலும் பசை காயவில்லை. நான் இன்னும் குளிக்கவில்லை. ஊரிலிருந்து திருப்பதிக்குப் பஸ் எப்போது என்றுகூடப் பார்க்கவில்லை.

"சந்திரகிரி தாண்டிட்டேன் சார்" என்றேன். "வந்துக்கினே கீறேன்."

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. "சரி சரி, மெதுவா வா" என்று வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டேன். இனிமேல் கிளம்பியாக வேண்டும்.