கோலுக்குக் கைதட்டும் பிள்ளை

ஜனவரி 14

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நானும் குட்டியும் நலம். போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் நீங்கள் கால்பந்துப் பேச்சுக்குப் போய்விடுகிறீர்கள், நானும் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான்.

குட்டிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். உங்கள் ரிமோட்டில் ஒரு பொத்தான் இப்போது இல்லை. திட்டாதீர்கள்.

விஷயம் வேறு. நேற்று கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் இரும்பு வாளியைத் தவறவிட்டார். அது ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கியது. நான் அலறிவிட்டேன். கதவருகே உட்கார்ந்திருந்த குட்டி தலையைக்கூடத் தூக்கவில்லை. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இரண்டு வயது நெருங்குகிறது, இன்னும் ‘அம்மா’கூட வரவில்லை. அத்தையிடம் சொன்னால், “அவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். தொறந்தது இன்னும் மூடல” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதைப் பரிசோதித்துவிடலாமா? எழுதுங்கள்.

உங்கள்,
நான்


ஜனவரி 27

புரொபசரம்மாவுக்கு,

கடிதம் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. காது கேட்காத பிள்ளை கோலுக்குக் கைதட்டுமா? லீவில் வந்தபோது என் மடியில் உட்கார்ந்துதானே எல்லா ஆட்டமும் பார்த்தான். ஒரு கோலையாவது விட்டானா? ‘தூசிப்பட்டணம்’ கௌபாய் டிவி தொடரில் அந்தத் துப்பாக்கிச் சண்டை வரும்போது நீயே காதைப் பொத்திக்கொள்கிறாய். இவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதற்குப் பேர் தைரியம். அந்த ஊர்க் காவல் அதிகாரி, நம்ம ஷெரீப் மட்டும் தொடர் முழுக்க எத்தனை வார்த்தை பேசிவிட்டான்? பேசாத ஆளை யார் பார்ப்பார்கள் என்று ஒரே வருடத்தில் நிறுத்தினார்கள். இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் அவனைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறோம். என் பிள்ளை அந்த ரகம்.

போன சனிக்கிழமை ஆட்டம் பார்த்தாயா? நம் அணி பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம், எதிரணி மூன்றாவது. முடிய ஒரு நிமிடம் இருக்கையில் நம் இடது பின்கள ஆட்டக்காரன் பந்தைத் தானே கொண்டுபோனான் பார், நான்கு பேரைத் தாண்டி! ரசிகர் கூட்டத்தில் நான் முரசை அடித்த அடியில் ஒரு குச்சி முறிந்துவிட்டது. முன்வரிசைக் கிழவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கடைசி இரண்டு அணிகளைக் கீழ் வகுப்புக்கு இறக்குவார்கள், இந்த வருடம் நாம் இறங்க மாட்டோம், எழுதி வைத்துக்கொள்.

பரிசோதனை எல்லாம் மெதுவாகப் பார்க்கலாம். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

உன் ஷெரீப்


பிப்ரவரி 8

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

உங்கள் கடிதம் எனக்குத் தைரியம் தந்தது. கைதட்டுகிறானே என்று நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் படித்தவள், சும்மா இருந்திருக்கக் கூடாதா? பதிவு செய்து வைத்திருந்த ஆட்டத்தைப் போட்டேன். குட்டியைத் தரையில் உட்காரவைத்து, டிவிக்கு முதுகு காட்டித் திருப்பி, நான் எதிரே அசையாமல் உட்கார்ந்தேன். சத்தத்தை எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு வைத்தேன். கோல் விழுந்தது. அரங்கமே கத்தியது, கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். இவன் என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு சத்தத்தை முழுக்க நிறுத்தினேன். திரையில் யாரோ ஒருவன் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் உங்களைப் போலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன்.

கைதட்டினான். சிரித்துச் சிரித்துக் கைதட்டினான்.

அவன் கோலுக்குக் கைதட்டவில்லை. உங்களுக்குத் தட்டியிருக்கிறான். நீங்கள் எழுந்தால் அவனுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

மார்ச் 3, சனிக்கிழமை காலை பரிசோதனைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் எனக்கு நீங்கள் ‘தூசிப்பட்டணம்’ முழுவதையும் நடித்துக் காட்டிய நாள் ஞாபகம் வருகிறது. குதிரையாகவும் நீங்களே நடித்தீர்கள், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்து நின்றார். ஒரு நாடகத்தின் மேல் இவ்வளவு பிரியம் வைக்கத் தெரிந்த மனிதர், வீட்டு மனிதர்கள்மேல் எவ்வளவு வைப்பார் என்று நினைத்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். வாருங்கள். ஒரு நாள் போதும்.

உங்கள்,
நான்


பிப்ரவரி 19

உனக்கு,

பெற்ற பிள்ளையை வைத்து ஆராய்ச்சியா? செருப்பு ருசியாக இருந்திருக்கும், அதனால் திரும்பவில்லை. நீ படித்த படிப்பு எல்லாவற்றிலும் நோய் தேடுகிறது.

மூன்றாம் தேதி வர முடியாது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் லீவு கிடைக்கும், அது இல்லை பிரச்சினை. அன்றைக்குத்தான் பட்டியலில் நமக்குச் சரியாக மேலே இருக்கும் அணியோடு ஆட்டம். தோற்றால் இறங்கிய மாதிரிதான். முரசு நான்தான் அடிக்க வேண்டும், வேறு யாருக்கும் அந்தத் தாளம் வராது. நம் கூட்டத்தில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னால் உனக்குப் புரியாது.

மே மாதம் வருகிறேன், சேர்ந்தே போகலாம். அதுவரை எங்கும் தூக்கிக்கொண்டு அலையாதே. யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

ஷெரீப்


மார்ச் 6

அன்புள்ள உங்களுக்கு,

போனோம். கீழ்வீட்டு அக்கா கூட வந்தார்.

இரண்டு காதிலும் கேட்கவில்லை. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். அந்த மிச்சத்தை வைத்துத்தான் பேச்சு வரவேண்டும். பரிசோதித்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். “வீட்ல யாருமே கவனிக்கலையா? போன வருஷமே வந்திருக்கலாமே” என்றார். கவனித்தோம், தைரியசாலி என்று நினைத்தோம் என்று எப்படிச் சொல்வேன்?

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் கொடுத்திருக்கிறார்கள். மாட்டியதும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அழுதான். என் வாயைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், மறுபடி என் வாயைப் பார்த்து அழுதான். நாள் முழுக்க அவனிடம் பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். கதவு, சட்டை, சோப்பு என்று நான் பைத்தியம் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். தினமும் பேச்சு வகுப்பு.

நீங்கள் ஜெயித்ததை மருந்துக்கடை டிவியில் பார்த்தேன். கேமரா ஒரு கணம் உங்கள் கூட்டத்தைக் காட்டியது. நீங்கள் முரசு அடித்துக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம், மிஷினுக்கு பேட்டரி வாங்க.

ஒரு வரி எழுதுங்கள், போதும்.

நான்


ஏப்ரல் 26

என் தங்கத்துக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு. உன் கடிதம் வந்த அன்று லிஃப்ட் கூண்டின் மேலே, இருட்டில், கருவிப் பையை வைத்துக்கொண்டு அழுதேன். கீழே இருந்த உதவியாள் எண்ணெய் சொட்டுகிறதா என்று கேட்டான். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதுதான்.

இப்போது நல்ல சேதி. தப்பித்துவிட்டோம்! இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம், இனி யாரும் நம்மை இறக்க முடியாது. மே பத்தாம் தேதி மைதானத்திலேயே ரசிகர் குடும்ப நாள். ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். நம் கூட்டம் மொத்தமும் ‘தூசிப்பட்டணம்’ வேஷத்தில் போகிறோம், பெரிய போட்டோ எடுக்கிறோம். குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. குட்டி ஷெரீப் வருகிறான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவன் ‘கோல்’ என்று கத்துவான் என்று போன வருடமே சொல்லி வைத்திருக்கிறேன், அதை இப்போது எப்படி மாற்றுவது?

பார்சலில் ஷெரீப் தொப்பி அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே ஒரு அளவு பெரியதாக வாங்கினேன். காது மூடும்படி இறக்கிவிடு. போட்டோ எடுக்கும் வரைக்கும் அந்த மிஷினைக் கழற்றிவிட்டால் உறுத்தாது. ஒரு மணி நேரம்தான். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன், வேறொன்றுமில்லை. என் பிள்ளையை யாரும் பாவம் என்று பார்க்கக் கூடாது.

உன் ஷெரீப்


மே 4

குட்டியின் அப்பாவுக்கு,

தொப்பி வந்தது. மிஷினைக் கழற்றாமலே போட்டுப் பார்த்தேன். விளிம்பு அழுத்தியதும் மிஷின் கீச்சென்று விசிலடித்தது. அது அவனுக்குக் கேட்டதோ, தொப்பி உறுத்தியதோ, பிடுங்கி எறிந்துவிட்டான். நான் திரும்ப எடுத்து மாட்டவில்லை.

நாங்கள் வரவில்லை. நீங்கள் என்ன சொல்லிக்கொள்வீர்களோ சொல்லிக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று சொன்னால் நம்புவார்கள். ஒரு மணி நேரம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் அவன் உங்கள் தோளில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் எல்லோரையும் பார்த்துக் கைதட்டியிருப்பான். உங்களுக்கு அது போதும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

வகுப்புக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை பார்த்துக் குடிவந்துவிட்டோம். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் இப்போது சிரிப்பதில்லை. விலாசம் அவரிடம் இருக்கிறது. வரக் கூடாது என்று சொல்ல மாட்டேன். வந்தால், இவன் காதில் மிஷினோடு தெருவில் நடக்கும்போது பக்கத்தில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் இந்த வாரம் முதல் சொற்கள் தொடங்கினார்கள். எந்தச் சொல்லானாலும் அது எதிரிலேயே இருக்க வேண்டுமாம். தொட்டுக் காட்டினால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். முதலில் ‘அம்மா’, அடுத்து ‘அப்பா’ என்று டீச்சர் பட்டியல் வைத்திருந்தார். அந்த இரண்டாவதை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னேன். அவர் ஒரு தம்ளரை எடுத்து நிரப்பி அவன் முன்னால் வைத்தார்.

‘தண்ணி’ என்று சொல்லவேண்டும். ‘ன்னி’ என்கிறான். எனக்கு நன்றாகவே கேட்கிறது.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா