மைக்கில் மகள் சொன்னது

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று கருத்தரங்கில் நான் கட்டுரை வாசிக்கும்போது உங்கள் பேத்தி, உங்கள் மாப்பிள்ளையின் பிடியிலிருந்து நழுவி மேடைக்கே ஓடிவந்துவிட்டாள். "அம்மா, அப்பா ரூம்ல பேசவே மாட்டேங்குறாரு, நீ வா!" என்று மைக்கிலேயே சொன்னாள். தமிழ் தெரியாத சபை சிரித்துக் கைதட்டியது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே வாசித்து முடித்தேன். கதவோரம் நின்ற அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

என் ஆராய்ச்சிக்காக மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வெளிநாட்டுக்கு வந்தவர். கேட்டால், "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்கிறார்.

நான் வகுப்பில் இருக்கும் மதிய நேரத்தில் அவரைப் போனில் கூப்பிடுங்கள் அப்பா. வீட்டு மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று யோசனை கேளுங்கள். நன்றாக ஓடினாலும் கேளுங்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்