கோழிக்குப் பக்கத்தில் டைனோசர்

ஜூன் 4

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் குழந்தை இல்லை.

உங்கள் சின்ன மகள் நேற்று மதியம் போன் செய்தார். "அப்பா இந்தச் சம்பந்தமே வேண்டாங்கிறார். உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்காம். அலமாரி நிறைய பொம்மையாம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அழுகிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் என் வீட்டைப் பார்க்க வந்தீர்கள். கூடத்துச் சுவர் முழுக்க டைனோசர், மாமத், முதலை, யானை, ஒட்டகச்சிவிங்கி என்று நிற்பதைப் பார்த்தீர்கள். "இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டீர்கள். "எனக்குத்தான்" என்றேன். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டீர்கள். போட்ட தேநீரை நானே குடித்தேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தானே சொன்னேன்? இதற்கு மேல் சத்தியமும் செய்ய வேண்டுமா? அவை பொம்மைகளும் அல்ல, மாதிரிகள். எலும்பை அளந்து, தசை எங்கே ஒட்டும் என்று யோசித்துச் செய்தவை. கல்லூரிக் காலத்திலிருந்து சேர்க்கிறேன். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் தபால்காரர் ஒளிந்திருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளன். ஒரு லிஃப்ட் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று திறந்து பார்த்த பிறகுதான் காரணம் எழுதுவோம். நீங்கள் திறக்காமலே எழுதிவிட்டீர்கள். எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று தெரிவியுங்கள். "அப்பாகிட்ட போன்ல பேசிப் பிரயோஜனமில்லை, அவருக்கு எதுவானாலும் எழுத்துல வேணும்" என்று உங்கள் மகள் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகளைக் கல்யாணம் செய்துகொள்ள இருப்பவன்


ஜூன் 9

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். சின்னவள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். அதனால் அப்படி எழுத முடியவில்லை.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடுகிற வேலை பார்ப்பவன். தீப்பிடித்த கடைக்குப் போனால் எது எரிந்தது என்று எல்லாரும் பார்ப்பார்கள். எது எரியாமல் தப்பியது, ஏன் தப்பியது என்று நான் பார்ப்பேன். உங்கள் வீட்டிலும் என் கண் சும்மா இருக்கவில்லை.

கனமான விலங்குகளை எல்லாம் முழங்கால் உயரத்தில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறீர்கள். அந்த உயரத்தில் யாருக்குக் கை எட்டும்? ஒவ்வொன்றின் பாதத்தையும் சுவரில் படம் ஒட்டுகிற நீலக் களியால் ஒட்டியிருக்கிறீர்கள். யார் பிடித்து இழுப்பார்கள் என்று பயம்? அலமாரி முனைகளில் ஸ்பாஞ்ச் சுற்றியிருக்கிறது. சரி, இதெல்லாம் போகட்டும். கை கழுவக் குளியலறைக்குப் போனேன். உங்கள் பிரஷ் நிற்கிற அதே குவளையில் சின்ன பிரஷ் ஒன்று, கைப்பிடியில் முயல் படம். மூலையில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி. போதாததற்குக் கோழிக்குப் பக்கத்தில் டைனோசர் நிற்கிறது. படித்த மனிதன் அடுக்குகிற வரிசையா அது? மூன்று வயசுக் கை அடுக்கியது.

என் பெரிய மகளைப் பற்றிச் சின்னவள் சொல்லியிருப்பாள். சொல்லியிராவிட்டால் நான் சொல்கிறேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை என்றார் மாப்பிள்ளை. நம்பினோம். ஒருநாள் அவர் காரின் பின்சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பை கிடந்தது. நண்பர் பிள்ளையுடையது என்றார். அதையும் நம்பினேன். அவருக்கு இன்னொரு வீடும் அந்த வீட்டில் ஒரு பையனும் இருந்தது ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. எரிந்த துணியை மோந்து பார்த்தே மண்ணெண்ணெயா பெட்ரோலா என்று சொல்கிறவன் நான். என் வீட்டில் புகைந்தது மூக்கில் ஏறவில்லை. பெரியவள் இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறாள்.

உங்கள் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை, தம்பி. சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. இனி ஏமாறுவதற்கு என்னிடம் வேறு மகள் இல்லை.

இப்படிக்கு,
சின்னவளின் அப்பா


ஜூன் 13

ஐயாவுக்கு,

அக்காவுக்கு நடந்தது எனக்குத் தெரியும். அந்த ஆள் செய்தது அயோக்கியத்தனம். ஆனால் அவனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. எவனோ திருடியதற்கு என் சட்டைப்பையைச் சோதிக்கிறீர்கள்.

சோதியுங்கள். கனம் கீழே இருந்தால்தான் அலமாரி கவிழாது. இதற்குப் பொறியாளன்கூட வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம் போதும். கீழ்வீட்டில் தையற்கடை. ஏழெட்டு மிஷின் ஒன்றாக ஓடினால் என் தரை அதிரும். ஒட்டாமல் வைத்தால் சாயங்காலத்துக்குள் விலங்குகள் நடந்து விளிம்புக்கு வந்துவிடும். ஸ்பாஞ்ச் என் முழங்காலுக்காக. இடித்துக்கொண்ட தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

அந்த பிரஷ்ஷால் செதில் இடுக்கில் உட்காரும் தூசியைத் துடைக்கிறேன். பெரியவர்கள் பிரஷ் சாயத்தைச் சுரண்டிவிடும், குழந்தைகளுடையது மெதுவாக இருக்கும். கடையில் முயல் போட்டதுதான் இருந்தது. முயலை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

தொட்டி விஷயத்தில் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். குளிப்பாட்டத்தான் வாங்கினேன், டைனோசரை. வெயில் காலத்தில் பிளாஸ்டிக் இளகி, இரண்டு காலில் நிற்பவை முன்பக்கம் சாயும். ஒன்று விழுந்தால் வரிசையே விழும். சுடுநீரில் முக்கி, காலை நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தால் மறுபடி நிமிர்ந்து நிற்கும்.

கோழிக்கு வருவோம். பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை. அழிந்துபோனதெல்லாம் ஒரு தட்டு, உயிரோடு இருப்பதெல்லாம் ஒரு தட்டு என்று கடைக்காரன் அடுக்குவான். நான் உறவு பார்த்து அடுக்கியிருக்கிறேன். கோழி அதற்குச் சொந்தக்காரி. மாமத்துக்குப் பக்கத்தில் யானையை வைத்தது மட்டும் உங்கள் கண்ணை உறுத்தவில்லை, இரண்டுக்கும் தும்பிக்கை இருப்பதால். மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இதை எல்லாம் எதற்குச் சேர்க்கிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாள் முழுக்க நான் இருட்டுக் குழிக்குள் கம்பியும் கப்பியும் பார்க்கிறேன். என்னைக் கூப்பிடுகிற எல்லாரும் கோபத்தோடுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் சுவர் நிறைய உயிர்கள் நிற்கின்றன. ஒன்றுக்கும் என் மேல் புகார் இல்லை. உங்கள் மகள் ஒரு தடவை தோழியோடு வந்து இதைப் பார்த்திருக்கிறார். கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதிக்கிறவர் அல்லவா, ஒவ்வொன்றின் முகத்துக்கு நேராகவும் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த முதலைக்கு மாறுகண்ணுங்க. ஒரு கண்ணு கொஞ்சம் உள்ள தள்ளி வரைஞ்சிருக்காங்க" என்றார். அத்தனை வருஷமாக என் வீட்டில் இருக்கிற முதலை அது. எனக்குத் தெரியவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் வீட்டுச் சாவி இந்த உறையில் இருக்கிறது. நான் வேலைக்குப் போயிருக்கும்போது, எனக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பீரோவைத் திறந்து பாருங்கள். விருந்தாளி வேஷத்தில் வந்து சோதனை போட்டதற்கு இது எவ்வளவோ நேர்மை.

இப்படிக்கு,
குழந்தை இல்லாதவன்


ஜூன் 24

ஐயாவுக்கு,

போய்ப் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்திருந்தால் என்ன முடிவு என்று எழுதுங்கள். பார்க்கவில்லையென்றால் சாவியைத் திருப்பி அனுப்புங்கள். ஆத்திரத்தில் வளையத்தோடு போட்டுவிட்டேன். இரண்டு சாவியும் உங்களிடம்தான் இருக்கிறது. பூட்டை மாற்றலாம். மாற்றினால் எதை மறைக்க மாற்றினாய் என்பீர்கள். அதனால் கதவைச் சும்மா சாத்திவிட்டு வேலைக்குப் போய்வருகிறேன். திருடன் வந்தால் அவனும் குழந்தை இருக்கிற வீடு என்று நினைத்துப் பாவம் பார்த்துப் போய்விடுவான்.

உங்கள் மகள் போனை எடுப்பதில்லை. நீங்கள் சொல்லும்வரை பேசுவதில்லை என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம், தோழி சொன்னார். வாக்கைக் காப்பாற்றுகிறார். நீங்கள் பதில் எழுதுகிற வேலையையாவது செய்யுங்கள்.


ஜூன் 27

தம்பிக்கு,

இரண்டு சாவியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பதினெட்டாம் தேதியே போய்ப் பார்த்துவிட்டேன். சாவி தேவைப்படவில்லை, தள்ளியதும் கதவு திறந்துகொண்டது.

பீரோவில் உங்கள் சட்டைகள். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். அப்புறம் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காது, கொம்பு, வால், நகம். எதிலும் பல் பதிந்த தடம் இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் யானைக்குக் காது மிஞ்சாது. அந்த வீட்டில் குழந்தை இல்லை, இருந்ததும் இல்லை. நான் நினைத்தது தவறு.

இதை அன்றைக்கே எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்ப முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நீளக் கழுத்து டைனோசர் ஒன்று இருக்கிறதே, அதன் வால் வளையும் என்று நினைத்து வளைத்தேன். வளையவில்லை. நுனி என் கையோடு வந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தேன். பாதத்தில் இருந்த நீலக் களியைக் கிள்ளி, வாலை ஒட்டவைத்து, முன்னால் ஒரு ஆமையை நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். சேதத்தை மறைக்கிறவர்களை நான் எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்! அத்தனை பேரும் இதையேதான் செய்திருந்தார்கள், முன்னால் எதையாவது நகர்த்தி வைப்பது. வாலைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. வாலையும் சேர்த்து எழுத வெட்கம்.

நேற்று பெரியவளிடம் சொல்லிவிட்டேன். அவள் உங்கள் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தாள். தபால்காரர் ஒளிந்திருக்கிற இடத்தில் சிரித்துவிட்டாள், தம்பி. வாய்விட்டு. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாயிற்று. என்னவோ ஏதோ என்று அவள் அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

அப்புறம் பெரியவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, என்னைக் கட்டின அந்த மனுஷன் நமக்கு எழுதின கடிதம் எல்லாத்தையும் நினைச்சுப் பாருங்க. தேனா ஒழுகும். உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இருக்காது. இவர் பொண்ணு கேட்டு எழுதறாராம், பக்கத்துக்குப் பக்கம் உங்களைத் திட்டியிருக்கார். ஏமாத்த வர்றவன் இப்படியாப்பா எழுதுவான்? ஏமாத்தறவன் மரியாதையில குறை வைக்கவே மாட்டான்."

உடனே சின்னவளைக் கூப்பிட்டு, கொடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ராத்திரி இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

கல்யாணத் தேதி பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிறேன். வாலுக்கு என்ன ஈடு செய்ய வேண்டும் என்று தெரிவியுங்கள்.

அன்புடன்,
சின்னவளின் அப்பா


ஜூலை 1

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு பத்து மாடிக் கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் வைத்துப் பிரித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே இருந்து வாட்ச்மேன், "சார், சரியாயிடுச்சா?" என்று கத்தினார். "எல்லாம் சரியாயிடுச்சு" என்று நானும் கத்தினேன். அவர் எல்லாரையும் லிஃப்டில் ஏற்றிவிட்டார். லிஃப்ட் சரியாகவில்லை. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

வாலை நான் பதினெட்டாம் தேதி சாயங்காலமே பார்த்துவிட்டேன். ஆமை அந்தத் தட்டில் நிற்காது, அது அதன் சொந்தக்காரர்களோடு மூன்றாம் தட்டில் நிற்கும். பதில் கேட்டு எழுதியபோது வாலைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லாமலே இருந்துவிடுவீர்களோ என்று பயமாகவும் இருந்தது. பெண் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதீர்கள்.

ஈடு ஒன்றும் வேண்டாம். பசை போட்டு ஒட்டிவிட்டேன், தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு தம்ளர்தான் இருந்தது, ஐந்து வாங்கியிருக்கிறேன். அக்கா எதை வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் கண்ணால் பாருங்கள்.

இதை உங்கள் மகளின் கடை மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டு, "மாமனாருக்கு எழுதறீங்க, கொஞ்சம் மரியாதையா எழுதக் கூடாதா?" என்கிறாள். அக்கா சொன்னதை எடுத்துக் காட்டினேன். அதையும் படித்தாள். மேசை டிராயரைத் திறந்து ஒரு உறையை எடுத்து வைத்தாள்.

"அப்ப இப்படியே அனுப்புங்க" என்கிறாள்.

உங்கள்,
மருமகன்