பொதுச் சாணம்

1983, ஆடி வெள்ளி.

முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து கோபத்தில் கோணுகிறது. சாணத்தில் கேஸ் எடுக்கும் பொதுத் தொட்டியைத் திறந்தபோது, ஊருக்கே அடுப்பெரியும் என்றார் திருச்சி அதிகாரி. சாணம் கொடுக்கும் வீட்டுக்குத்தான் குழாய் வந்தது. எங்களிடம் மாடு இல்லை. மேய்ச்சல் தரையில் கிடக்கும் சாணத்தைப் பொறுக்கி, வறட்டி தட்டித்தான் மருமகள் சமைப்பாள். இன்று தொட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் அவள் கூடையைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டிவிட்டார். கேட்கப் போனேன்.

"சாணம் இனிமே பொதுங்க, பெரியவரே."

"அப்ப எங்களுக்கும் குழாய் போடுங்க. பொறுக்குறத நாங்களே கொண்டாந்து கொட்டுறோம்."

"அது எப்படிங்க? மாடு யாருதோ, சாணமும் அவங்களுது."

நாங்கள் பொறுக்கினால் பொது. கேஸ் கேட்டால் மாட்டுக்காரன் சொத்து. ஆடி வெள்ளியில் எங்கள் அடுப்பு எரியவில்லை. நாளை கூடையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். என் கையிலிருந்து பிடுங்கிப் பார்க்கட்டும்.