பிழையான சட்டையின் லேபிள்

உங்கள் பாடம் பிழையானது, மாஸ்டர். இந்தச் சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகப் போனதற்கு நீங்கள்தான் காரணம். நீங்கள் எழுதித் தந்ததை எழுத்துக்கு எழுத்துப் பார்த்துத்தான் நான் வெட்டினேன்.

சட்டை என் மேசையில் கிடக்கிறது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பையைத் திறந்ததும் தையல் மெஷின் எண்ணெயும் சோக்குத் தூளும் கலந்த உங்கள் கடை வாசம் அறைக்குள் பரவிவிட்டது. உம்மா எட்டிப் பார்த்தார். "அத இன்னும் எறியல்லயா புள்ள?" என்று கேட்டார். எறியவில்லை. இன்று காலை அதைக் கொண்டுபோய் ஓர் அதிகாரியின் மேசையில் விரித்துவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஒரு படியை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

சாதாரண தரப் பரீட்சையில் சரிவராத பிள்ளைகளுக்கும் படிப்பு உண்டு என்று சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவைத் தொடங்கினார்கள். ஊர் அதற்கு 'பெயில் வகுப்பு' என்று பெயர் வைத்தது. கல்முனையில் என் பாடசாலையில் அந்த வகுப்பு மலசலகூடத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் நடந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மிஷினைத் திருத்தக் கற்பிப்பது என் வேலை. மிஷின்தான் இல்லை. கரும்பலகையில் வரைந்து, வரைந்த மிஷினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். நாவிதன்வெளிப் பாடசாலை சேரிடம் நல்ல மிஷின் இருந்தது, அவருடைய பாடமோ பயிர்ச்செய்கை. பாலமுனையில் உங்கள் பாடசாலையில் புதுத் தையல் மெஷின்கள் பூட்டிய அறைக்குள் இருந்தன. பூட்டின் திறப்பு பாடசாலை அதிபரின் சட்டைப் பையில். சமையல் கற்பித்த காரைதீவு டீச்சருக்கு அடுப்பு கூட இருந்தது, பற்ற வைக்கத்தான் அனுமதி இல்லை. மேலிருந்து வந்த வழிகாட்டியில் பக்கத்துக்குப் பக்கம் 'மாணவர் தேர்ச்சி பெறுவர்' என்று எழுதியிருந்தது. எப்படிப் பெறுவர் என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர்களில் ஒருவராவது ஒரு மிஷினின் கயிற்றை இழுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

நாலு பாடசாலைக்கும் சேர்த்து ஒரே செய்முறைக் கைநூல் எழுதுவோம், பிள்ளைகள் முறை வைத்து மிஷினுக்கு நாவிதன்வெளிக்கும் தையலுக்குப் பாலமுனைக்கும் போகட்டும் என்று நாம் முடிவெடுத்தது அந்தக் கோபத்தில்தான். முதல் சனிக்கிழமை நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "மாஸ்டர், நீங்க எழுதுவீங்களா, இல்லாட்டி நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதவா?" நீங்கள் நியமனம் பெற்ற ஆசிரியர் அல்ல, கடையை வைத்துக்கொண்டு நாள் சம்பளத்துக்கு வந்து தையல் கற்பிப்பவர். அதனால்தான் அப்படிக் கேட்டேன். மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் இதையும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் கோபப்படவில்லை. என் மிஷின் பாடத்தை வாங்கி முழுவதும் வாசித்தீர்கள்.

"நல்ல தமிழ் டீச்சர்," என்றீர்கள். "மிஷின் ஸ்டார்ட் வருமா?"

அன்றைக்குத்தான் அந்த விதியைப் போட்டீர்கள். பாடத்தை எழுதியவர் அதைச் செய்து காட்டக் கூடாது. அந்த வேலை தெரியாத இன்னொருவர் வாசித்து, எழுதியபடி மட்டும் செய்ய வேண்டும். எழுதியவர் பக்கத்திலேயே இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. உங்கள் கடையில் நீங்கள் வெட்டிக் கொடுக்கும் துணியை வேறொருவர் தைக்கிறார், அவரிடம் நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை என்றீர்கள். "சோக்குக் கோடுதான் கதைக்கணும். டெய்லர் கதைக்கப்படா."

"இந்த டீச்சர் கதைக்காம இருக்கிறதா?" என்று நாவிதன்வெளி சேர் என்னைக் காட்டிச் சிரித்தார். நீங்கள் கழுத்தில் கிடந்த பழைய அளவு நாடாவை எடுத்து, கத்தரிக்கோலால் நாலாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு தந்தீர்கள். எழுதியவர் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும், நீங்கள் குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்வதுபோல. என்னுடைய துண்டு பதினாறில் தொடங்கி முப்பதில் முடிகிறது.

அடுத்த சனிக்கிழமை நாவிதன்வெளி வாய்க்கால் கரையில் என் பாடம் விசாரணைக்கு வந்தது. நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டி, தாளை ஒரு கையில் பிடித்து, "பிஸ்மில்லாஹ்" என்று கயிற்றைச் சுற்றி இழுத்தீர்கள். மிஷின் இருமியது. மறுபடி தாளைப் பார்த்தீர்கள். 'இயங்காவிடின் மீண்டும் இழுக்கவும்' என்று நான்தான் எழுதியிருந்தேன். மீண்டும் இழுத்தீர்கள். மீண்டும் மீண்டும் இழுத்தீர்கள். எண்ணெய்க் குழாய் மூடிக் கிடந்தது. அதைத் திறக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. நாடாவைக் கடித்துக்கொண்டு நான் கண்ணால் குழாயைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாஸ்டர், வாய்க்காலை விட உங்கட முதுகிலதான் தண்ணி கூட ஓடுது," என்றார் நாவிதன்வெளி சேர்.

"நான் என்ன செய்யிற? தாள்ல இழுக்கச் சொல்லித்தானே கிடக்கு."

என்னால் தாங்க முடியவில்லை. நாடாவைத் துப்பிவிட்டு, "எண்ணெய்யைத் திறங்க மாஸ்டர்!" என்று கத்தினேன். வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போயின. நீங்கள் அமைதியாக நிமிர்ந்து முகத்தைத் துடைத்தீர்கள். "என்ட மாமாட வயல்ல பத்து வருசம் இதே மிஷின் இழுத்தவன் நான். திறக்கணும் எண்டு எனக்குத் தெரியும் டீச்சர். பாலமுனைப் புள்ளைக்கு யாரு சொல்லுற?"

அன்று உங்கள் மேல் வந்த ஆத்திரம் சவளக்கடை தாண்டி பஸ் போகும்வரை இருந்தது. பிறகு தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

பழி வாங்க எனக்கு வெகுநாள் எடுக்கவில்லை. இடையில் காரைதீவு டீச்சர் 'அளவாக உப்பிடவும்' என்று எழுதியதை நம்பி நாவிதன்வெளி சேர் ஒரு கைப்பிடியைப் போட்டார். அந்தக் கறியை நாம் நாலு பேரும் விதிப்படி சாப்பிட்டோம். அதற்கடுத்து உங்கள் பாடம். அதிபர் ஒருவழியாகத் திறப்பைத் தந்திருந்தார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத நான் அபாயாவின் கைகளை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். நாவிதன்வெளி சேரின் அளவில் அரைக்கைச் சட்டை. ஒரு பக்கம் மட்டும் பூப் போட்ட துணி. 'கையின் மாதிரித்தாளைத் துணியின் நல்ல பக்கத்தில் வைத்துக் கோடு கீறி வெட்டவும். இரண்டாவது கையையும் அவ்வாறே வெட்டவும்.' அவ்வாறே வெட்டினேன். நீங்கள் நாடாவைக் கடித்துக்கொண்டு, ஒரு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி கைகட்டி நின்றீர்கள். மூன்று சனிக்கிழமை போனது. சட்டையை முடித்தேன்.

நாவிதன்வெளி சேர் போட்டுப் பார்த்தார். இடது பக்கம் சரியாக இருந்தது. வலது தோளில் துணி இழுத்துப் பிடித்தது. அவருடைய வலக்கை எந்நேரமும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"நல்ல சட்டை," என்றார் அவர். "ஆரைக் கண்டாலும் கை குடுக்கலாம். எலெக்சன் கேக்கப் போறவனுக்குத் தைச்சுக் குடுங்க."

காரைதீவு டீச்சர் சிரித்துச் சிரித்துத் தையல் மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, மாதிரித்தாளை எடுத்துத் துணியில் வைத்தீர்கள். முதல் கைக்கு வைத்தீர்கள். இரண்டாவது கைக்கு வைக்கும்போது உங்கள் விரல்கள் தாமாகவே தாளைப் பிரட்டின. அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

"இருபத்தஞ்சு வருசமா பிரட்டித்தான் வெக்கிறன்," என்றீர்கள். "பிரட்டுறன் எண்டது எனக்கே தெரியா டீச்சர்."

கைநூலின் முப்பத்தோராம் பக்கத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது. 'இரண்டாவது கையை வெட்டுமுன் மாதிரித்தாளைப் புரட்டி வைக்கவும்.' இந்த வருடம் நாலு பாடசாலைப் பிள்ளைகளும் நம் கையெழுத்துப் பிரதியில் அதைப் பார்த்து வெட்டினார்கள். ஒருவருக்கும் கை மாறவில்லை. மிஷின் பாடத்தில் எண்ணெய்க் குழாய் முதலாம் படி. காரைதீவு டீச்சரின் உப்பு கரண்டிக் கணக்கில் இருக்கிறது. என் கொட்டில் பிள்ளைகள் நாவிதன்வெளிக்குப் போய், முதல் இழுவையில் மிஷின் பிடித்ததும் வாய்க்காலுக்குள் குதித்தார்கள். பெயில் வகுப்பு நனைந்துகொண்டு சிரித்ததை நீங்களும் பார்த்தீர்கள். அன்று கடைசியாகப் பார்த்தீர்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அச்சுக்கு அனுப்புவதற்கான படிவம் வந்திருந்தது. எழுதியவர்களின் பெயர், பக்கத்தில் நியமன இலக்கம். உங்களுக்கு இலக்கம் இல்லை. நான் கத்தத் தொடங்க, நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "விடுங்க டீச்சர். சட்டை உடுத்துறவன் டெய்லர்ர பேரையா கேக்குறான்?"

"உங்கட கடைச் சட்டைக் கொலருக்குள்ள உங்கட பேர் போட்ட லேபிள் இரிக்கே மாஸ்டர். அது எதுக்கு?"

ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனீர்கள். போகும்போது மூலையில் கிடந்த என் பிழையான சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனீர்கள். அடுத்த சனிக்கிழமை அதை என் முன்னால் வைத்தீர்கள். கொலருக்குள் உங்கள் லேபிள், நாலு ஓரமும் சின்னச் சின்னத் தையலாக.

"பிழைக்கு என்ட பேரை நானே போட்டுட்டன்," என்றீர்கள். "சரியா வந்ததுக்கு நீங்க போடுங்க."

"ஓம், போடுறன்," என்றேன். நான் குறைவாகக் கதைத்த நாள் அது ஒன்றுதான்.

நீங்கள் மௌத்தான செய்தியை நாவிதன்வெளி சேர்தான் தொலைபேசியில் சொன்னார். கடையில் வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலித்ததாம். அவர் அடக்கம் செய்ய மையவாடிவரை போனார். நான் உங்கள் வீட்டில், ராத்தா என்று நான் கூப்பிடும் உங்கள் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்று வாளி தண்ணீர் தூக்கினேன், ஆட்களுக்கு பிளேன்டீ ஊற்றினேன். வந்த ஒருவர், "பாவம், நல்ல டெய்லர்" என்றார். "நல்ல வாத்தியார்" என்று திருத்தினார் ராத்தா. அழுதுகொண்டே திருத்தினார். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

போன மாதம் திருத்தம் பார்க்கக் கைநூலின் அச்சுப்படி வந்தது. முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். நான் கல்வி அலுவலகத்துக்கு மூன்று கடிதம் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்று நேரில் போனேன். விறாந்தையில் உட்கார வைத்து, வெயில் என் காலடியிலிருந்து மடிக்கு வந்த பிறகு கூப்பிட்டார்கள்.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. பிளேன்டீ சொல்லி அனுப்பினார். "நானும் ஒரு வாத்தியார்ட மகன்தான் மிஸ்," என்றார். "ஆனா படிவத்தில இலக்கத்துக்கு இடம் இரிக்கி. இலக்கம் இல்லாத ஆள நான் எங்க போடுற? கடைசிப் பக்கத்தில ஒரு வரி போடுவம். 'மற்றும் உதவிய அனைவருக்கும் நன்றி' எண்டு."

"அவர் 'மற்றும்' இல்ல சேர்."

"மௌத்தான ஆளுக்கு இப்ப இதால என்ன பிரயோசனம்?"

நான் பையைத் திறந்து சட்டையை எடுத்து அவருடைய கோப்புகளுக்கு மேல் விரித்தேன். அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எழுதித் தந்தபடி வெட்டினால் சட்டை எப்படி வரும் என்று காட்டினேன். பிறகு முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியைக் காட்டினேன். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். இருபத்தைந்து வருடம் ஒரு மனிதனின் விரலுக்குள் இருந்து, ஒரு சட்டையைக் கெடுத்துவிட்டு வெளியே வந்தது என்றேன். அவர் சட்டையின் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். ஒரு கணம் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டார்.

"கொலரைப் பிரட்டிப் பாருங்க," என்றேன். பிரட்டினார்.

"அந்தப் பேரைச் சத்தமா வாசியுங்க சேர். வாசிச்சிட்டு, அதை முதல் பக்கத்தில போடுங்க."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான், மாஸ்டர். பையின் பக்கவாட்டில் எப்போதும் கிடக்கும் என் நாடாத் துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். விதி அதுதானே. மின்விசிறி சுற்றியது. அவர் லேபிளைப் பார்த்தார், என் வாயில் தொங்கும் நாடாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிளேன்டீ ஆறிப்போனது. அவருடைய உதடு ஒரு தரம் பிரிந்து, மூடிக்கொண்டது. பக்கத்து அறையில் யாரோ ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எச்சில் ஊறியது. வாய் திறக்காமல் இருப்பதில் இந்த முறையும் நான் தோற்றேன். நாடாவைக் கையில் எடுத்தேன்.

"வாசியுங்க, சேர்."